நீரா? வேரா?



பெங்களூரில் அல்சூர் ஏரியின் அருகே திருவள்ளுவருக்கு ஒரு சிலை அமைந்துள்ளது. 18 ஆண்டுகள் திரைக்குள் மறைந்திருந்து, 2009 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9 ஆம் நாள் அச்சிலை திறக்கப்பெற்றது. அந்தப் பெருமான் தம் நூலில் மானம் என்னும் அதிகாரத்தில் உயர்ந்த நிலையினின்றும் தாழ்ந்த மாந்தருக்கு ஓர் உவமை தேடினார். தலையினின்றும் உதிர்ந்து விழுந்த மயிரே அவருக்கு உவமையாக வாய்த்தது. தலையில் இருக்கும்வரை எண்ணெயும் மலரும் பெற்ற ஒன்று, நிலத்தில் விழுந்த அளவிலே துடைப்பத்துக்கு இரையாகின்றது. இதனை நாள்தோறும் வீட்டில் காணும் நமக்கு அவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை.

அச்சிலையைச் சூழ்ந்துள்ள தெருக்களில் குடியிருக்கும் தமிழர்களிடம் தலைமுடியைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். “எல்லாம் இந்த ஊர்த் தண்ணீர் செய்யும் வேலை” என்பர். வேலூரிலிருந்தோ, திருப்பத்தூரிலிருந்தோ, தருமபுரியிலிருந்தோ வேலை தேடிப் பெங்களூருக்கு வந்த இளைஞர், வந்த சில திங்களில் தலையணையில் முடி கிடப்பதைக் கண்டு திடுக்கிடுகின்றார். ஊரில் இருந்தபோது இல்லாதது இங்கு வந்தபின் வந்தது. ஊர் மாறியது, நீரும் மாறியது. ஆகவே நீரே குற்றவாளி என்பது அவர் துணிபு. இத்துணிபு சரிதானா? இவ்வினாவுக்கு விடை காண அல்சூரின் நீர் வரலாற்றையும், தலைமுடி பற்றிய அறிவின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். இன்று அதனையே சிறிது ஆராய்வோம்.

தலைமுடி நம் முன்னோர்க்கு வெறும் அழகுப் பொருள் அன்று. கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, குஞ்சி, குடுமி என்று அதற்கு எத்தனை பெயர்கள்! ஐவகையாக முடிக்கப்பெறுவதால் மகளிர் கூந்தலுக்கு ஐம்பால் என்ற பெயரும் வழங்கிற்று. கண்ணகி விரித்த கூந்தலோடு பாண்டியன் அவையில் நின்றாள். பாஞ்சாலி அவிழ்ந்த கூந்தலை முடியேன் என்று சூளுரைத்தாள். பழனியிலும் திருப்பதியிலும் மக்கள் முடி காணிக்கை செலுத்துவது, தமக்கு மிக அருமையானதைத் தருகிறோம் என்னும் உணர்வினாலேதான். கைம்பெண்ணின் தலையை மழித்த கொடிய வழக்கம் ஒரு காலத்தில் சில குடிகளிடையே இருந்தது. முடியை நீக்கினால் மதிப்பையே நீக்கியதாகும் என்ற எண்ணமே அக்கொடுமைக்கு அடிப்படை. ஆகவே, இக்காலத்தில் ஒருவர் முடி உதிர்கிறதே என்று வருந்தினால், அது வீண் ஒப்பனை ஆசை என்று நகைத்தல் முறையன்று. அவ்வருத்தத்தின் பின்னே நெடிய வரலாறு நிற்கின்றது.

கூந்தலைப் பற்றிய ஆராய்ச்சியும் நம்மிடையே பழையதே. மகளிர் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, அன்றி மலராலும் எண்ணெயாலும் வரும் மணம்தானா என்ற வினா மதுரைச் சங்கத்தில் எழுந்ததாகத் திருவிளையாடல் கதை கூறும். இறைவனே எதிர்நின்று நெற்றிக்கண்ணைத் திறந்தபோதும் நக்கீரர் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் முடிவு சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்க, சொல்பவர் யாராயினும் சான்று கேட்பேன் என்ற அந்த உள்ளம் நமக்கு இன்றும் வேண்டும். முடி மருந்து விற்கும் கடைவாயிலில் அது மிகுதியாகவே வேண்டும்.

இனி அல்சூருக்கு வருவோம். 1799 இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயப் படை சீரங்கப்பட்டணத்தில் தங்கியது. காய்ச்சல் மிகுந்த அவ்விடம் படைக்கு ஒவ்வாமையால், 1809 இல் அல்சூரை ஒட்டிய மேட்டுநிலத்தில் தண்டு என்று நம்மவர் அழைத்த படைக்குடியிருப்பு உருவாயிற்று. சென்னை மாகாணப் படையோடு தமிழர் பலர் வந்தனர். சிப்பாய்கள், வணிகர், கொத்தர், சலவைத் தொழிலாளர், முடி திருத்துவோர் எனப் பல தொழிலினரும் குடியேறினர். சோமேசுவரர் கோயிலைச் சுற்றிய பழைய ஊரும் இப்புதிய குடியிருப்பும் ஒன்றோடொன்று கலந்தன.

அப்படையினர்க்கு முடி எத்துணை உயிரான பொருளாக இருந்தது என்பதற்கு மூன்று ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த வேலூர்ப் புரட்சியே சான்று. நெற்றியில் சமயக் குறி அணியலாகாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாக வைக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று பிறந்த ஆணைகள் சிப்பாய்களின் உள்ளத்தைப் புண்படுத்தின. 1806 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10 ஆம் நாள் அக்கோட்டையில் குருதி பெருகியது. வேறு காரணங்களும் உண்டு எனினும், முகத்து மயிரின்மேல் கைவைத்த ஆணை அவற்றுள் ஒன்று என்பதை வரலாறு மறக்கவில்லை.

முடி திருத்துவோர் அக்காலத்தில் முடி திருத்துவதோடு நின்றாரில்லை. கட்டி கீறுதல், புண்ணுக்கு மருந்திடுதல் முதலியவற்றையும் அவர்களே செய்தனர். அவர்கள் குடியில் பிறந்த மகளிர் பிள்ளைப்பேறு பார்த்தனர். மருத்துவர், மருத்துவச்சி என்று அவர்களுக்கு வழங்கிய பெயர் வெறும் உபசாரம் அன்று. தலையில் வட்டமாக முடி உதிர்வதைப் புழுவெட்டு என்று முதலில் கண்டு சொல்பவரும் பெரும்பாலும் அவராகவே இருந்திருப்பர்.

நீருக்கு வருவோம். தண்டின் தொடக்கக் காலத்தில் மக்கள் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி வாழ்ந்தனர். அல்சூர் ஏரியும், மில்லர் ஏரிகளும், 1882 இல் கட்டப்பெற்ற சாங்கி ஏரியும் நீர் தந்தன. 1896 இல் ஆர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்வழி நீர் பெங்களூருக்கு வந்தது. 1933 இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் துணையாயிற்று. 1974 இல் காவிரியே நகரத்தை நோக்கி மேடேறி வந்தது. ஆயினும், பெருகிய மக்கள்தொகைக்கு அவ்வாற்று நீர் போதவில்லை. பாறையைத் துளைத்து ஆழத்திலிருந்து இறைத்த நீரும், லாரியில் வரும் நீரும் அதனோடு சேர்ந்துகொண்டன.

இவ்வரலாற்றில் கருதத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. ஏரியில் தேங்கும் மழைநீர் பெரும்பாலும் மென்னீர். பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய ஆழ்குழாய் நீரோ சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்த கடின நீர். இக்கடின நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. சவர்க்காரமும் சுண்ணாம்புச் சத்தும் கூடிக் கரையாத கசடாக மாறும். அக்கசடு வாளியின் ஓரத்தில் படிவதுபோலவே முடியிலும் படியும். முடி பிசுபிசுத்து, ஒளி மங்கிச் சிக்குப்படும்.

நம் பாட்டிமார் பயன்படுத்திய சீயக்காயில் நுரைதரும் பொருள் வேறு. அது சுண்ணாம்புச் சத்தோடு கூடிக் கசடாவதில்லை. சிறிது புளிப்புத் தன்மையும் உடையது. ஆகவே சீயக்காயிலிருந்து சவர்க்காரத்துக்கு மாறியவர்கள் கடின நீரில் குளித்தபோது தம் கூந்தல் கெட்டதை உண்மையாகவே கண்டனர். பின்னர் 1930களில் மேனாடுகளில் கடின நீரிலும் கசடு தராத செயற்கை நுரைப்பொருள்கள் வந்தன. அவற்றாலான ஷாம்பு, 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறு பொட்டலங்களில் நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்தது. இப்பொட்டல வணிகத்துக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். ஷாம்பு என்ற சொல்லோ தலையைப் பிடித்துவிடுதலைக் குறித்த இந்தியச் சொல்லே. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகம்மது என்பவர் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் நடத்தி அச்சொல்லுக்குப் புகழ் தேடித் தந்தார். இங்கிருந்து சென்ற சொல் பொருள் மாறி நம்மிடமே திரும்பி வந்தது.

அப்படியாயின், நீர் குற்றவாளிதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். தலைக்கு வெளியே நாம் காணும் முடித்தண்டு உயிரற்றது. கடின நீர் தொடுவது அத்தண்டைத்தான். கடின நீரில் நனைந்த முடியின் வலிமை குறைகிறதா என்று ஆராய்ந்தவர்களுள் சிலர் குறைகிறது என்றனர். சிலர் வேறுபாடு காணவில்லை. குறைகிறது என்றே கொண்டாலும், அதனால் முடி நடுவில் முறியும். அது வேரோடு உதிர்தல் ஆகாது. முறிவதும் உதிர்வதும் வேறு வேறு. விழுந்த முடியை எடுத்து நோக்குங்கள். அதன் ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அது வேரினின்றும் உதிர்ந்த முடி. குமிழின்றிக் குட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் இடையில் முறிந்த முடி. முன்னதற்குக் காரணத்தை உடலுக்குள் தேட வேண்டும். பின்னதற்குக் குளியலறையில் தேடலாம்.

வேரில் நிகழ்வது யாது? தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் தன் மயிர்க்காலில் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்கின்றது. திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீள்கின்றது. பின் இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சியை முடித்துக்கொண்டு, ஏறத்தாழ மூன்று திங்கள் ஓய்வுகொண்டு, உதிர்கின்றது. அதே மயிர்க்காலில் புதிய முடி முளைக்கின்றது. மா மரம் பழைய இலையை உதிர்த்துத் தளிர்ப்பது போன்றதே இது. ஆயினும், எல்லா முடியும் ஒரே பருவத்தில் உதிர்வதில்லை. முறைவைத்து உதிர்கின்றன. ஆதலின், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பேயாகும்.

உடலுக்குப் பெருந்துன்பம் நேரும்போது இம்முறை குலைகின்றது. கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, அறுவை மருத்துவம், உணவு குறைந்து உடல் இளைத்தல், பெருங்கவலை ஆகியவற்றால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளுள் பல ஒரே காலத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக் காலம் ஏறத்தாழ மூன்று திங்கள் அன்றோ? ஆகவே துன்பம் வந்தபோது முடி கொட்டுவதில்லை. துன்பம் நீங்கி, உடல் தேறி, எல்லாம் மறந்திருக்கும்போது கொத்துக்கொத்தாகக் கொட்டுகின்றது. 1961 இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதனை விளக்கிப் பெயரும் இட்டார்.

நம் தாய்மார் இதனை வேறு சொற்களில் அறிந்திருந்தனர். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்பது வீட்டு வழக்கு. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது ஏறத்தாழ இரண்டு மூன்று திங்களில். காரணத்தை அவர்கள் பிழையாகக் கொண்டனர். காலத்தை எத்துணைச் சரியாகக் கணித்தனர்!

இப்போது பெங்களூரின் வரலாற்றை மீண்டும் நோக்குங்கள். 1898 இல் ப்ளேக் என்னும் கொள்ளைநோய் இந்நகரத்தைத் தாக்கியது. நெருக்கமான தெருக்களை விட்டு மக்கள் வெளியேறினர். புதிய பேட்டைகள் எழுந்தன. ப்ளேக் மாரியம்மன் என்ற பெயரால் கோயில்களும் தோன்றின. 1918 இல் இன்புளுவென்சாக் காய்ச்சல் வந்தது. 2020 இலும் 2021 இலும் கொரோனா வந்தது. ஒவ்வொரு பெருங்காய்ச்சலுக்குப் பின்னும், பிழைத்தவர்கள் பலர் சீப்பில் முடி கண்டு அஞ்சியிருப்பர். கொரோனாவுக்குப் பின் உலகெங்கும் மருத்துவர்கள் இதனைப் பதிவு செய்தனர். அஞ்சிய மக்கள் எண்ணெயைத் தேடினர். ஒருவர் கரிசலாங்கண்ணித் தைலம் தடவினார். மற்றொருவர் கடைச்சரக்கு ஏதோ ஒன்றை விலை கொடுத்து வாங்கினார். ஆறு திங்களில் முடி மீண்டும் வளர்ந்தது. உண்மையில், ஒன்றும் தடவாதிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவ்வாறே வளர்ந்தது. ஆனால் அவரை யார் எண்ணிப் பார்த்தார்? புகழ் எண்ணெய்க்குப் போயிற்று.

புதிதாக ஊருக்கு வந்த இளைஞரின் கதையும் இதுவே. வீட்டுச் சோற்றை இழந்தார். நேரம் தப்பி உண்டார், உறக்கம் குறைந்தார், வேலைக் கவலையில் உழன்றார். இடையே ஒரு காய்ச்சலும் கண்டார். மூன்று திங்கள் சென்றபின் முடி கொட்டியது. அப்போது அவர் கண்ணில் பட்டது நீர் ஒன்றே. ஆகவே பழி நீருக்குப் போயிற்று. புகழும் பழியும் இடம் மாறிச் சேர்ந்தன. மூன்று திங்களுக்கு முன் என்ன நேர்ந்தது என்ற ஒரு வினாவை எழுப்பியிருந்தால் இரண்டும் தத்தம் இடத்துக்குப் போயிருக்கும்.

இஃது ஒருவகை. வழுக்கை என்பது மற்றொரு வகை. இது கொட்டுவதாகத் தோன்றாது. ஆண்டுக்கணக்கில் முடி மெலிந்து மெலிந்து, நெற்றியின் இருபுறமும் உச்சியிலும் வெளி தோன்றும். பெண்களுக்கு வகிடு அகலும். எகிப்தில் ஏறத்தாழ கி.மு. 1550 இல் எழுதப்பெற்ற மருத்துவச் சுவடியில், வழுக்கைக்குச் சிங்கம், முதலை முதலிய விலங்குகளின் கொழுப்பு மருந்தாகக் கூறப்பட்டது. சரகரும் சுசுருதரும் தத்தம் நூல்களில் முடி உதிர்தலை நோயாக வகுத்தனர். கிரேக்க நாட்டு இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல், விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று குறித்தது. இச்சிறு குறிப்பின் பொருள் விளங்க 2,000 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1942 இல் அமெரிக்க அறிஞர் ஜேம்சு ஆமில்டன், ஆண்மைச் சுரப்புநீரும் குடிவழியும் கூடியே வழுக்கையைத் தருகின்றன என்று காட்டினார். ஆகவே, தலைப்பாகை அணிந்ததாலோ, மிகுதியாகச் சிந்தித்ததாலோ வழுக்கை வந்தது என்பது கதை.

மருந்துகளும் தற்செயலாகவே கிடைத்தன. குருதி அழுத்தத்துக்கு 1979 இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற மினாக்சிடில் மாத்திரையை உண்டவர்க்கு உடலில் முடி வளர்ந்தது. அதனைத் தலையில் தடவும் மருந்தாக மாற்றி 1988 இல் இசைவளித்தனர். ஆண்களுக்கான பினாஸ்டிரைடு மாத்திரை 1997 இல் வந்தது. அதனைக் கருவுற்ற பெண்கள் கையால் தொடுவதும் தகாது. இம்மருந்துகள் பலருக்குப் பயன் தருகின்றன. எல்லார்க்கும் அல்ல. நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். இவற்றை மருத்துவரைக் கேட்டே கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது வகை புழுவெட்டு. நாணயம் அளவில் வட்டமாக முடி உதிரும். பெயரில் புழு இருப்பினும் புழு எதுவும் இல்லை. நம் உடலைக் காக்கும் படையே வழிதவறி மயிர்க்காலைத் தாக்குவதால் நேர்வது இது. சிறிய அளவில் இருப்பின் பலருக்குத் தானே முளைத்துவிடும். கடுமையான நிலைக்கும் 2022 இல் பாரிசிட்டினிப் என்னும் மாத்திரை அமெரிக்காவில் இசைவு பெற்றது. இது தொற்றாது. ஆதலின், பள்ளியில் ஒரு குழந்தைக்குப் புழுவெட்டு வந்தால், அதனைத் தனியே ஒதுக்கி உட்கார வைப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும்.

இவையன்றி, நாம் கவனிக்கத் தவறும் காரணங்களும் சில உள. குருதியில் இரும்புச்சத்துக் குறைவு, தொண்டைப்பகுதிச் சுரப்பியாகிய தைராய்டின் கோளாறு, தலையில் படரும் படை ஆகியன அவை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேர் குருதிச்சோகை உடையவர். தாய்க்கு முடி கொட்டுகிறது என்றால் வீட்டார் எண்ணெய் வாங்கித் தருகின்றனர். அவள் கடைசியாக உண்டு, எஞ்சியதை உண்கிறாள் என்பதை நினைப்பதில்லை. அவளுக்கு வேண்டுவது தலையில் ஊற்றும் புட்டி அன்று. தட்டில் கீரையும் பருப்பும், இயன்றவர் இல்லத்தில் முட்டையும் மீனும், மருத்துவர் சொன்னால் இரும்புச்சத்து மாத்திரையுமே வேண்டுவன.

இனி முடியைக் காக்கும் வழியைச் சுருக்கிக் கூறுவேன். நீர் கடினமாயின் சவர்க்காரத்தை விட்டுச் சீயக்காயோ மென்மையான ஷாம்புவோ கொள்ளுங்கள். மழைநீரைப் பிடித்து வைப்பவர்கள் கடைசியாக அந்நீரால் அலசலாம். குளிக்குமுன் தேங்காய் எண்ணெய் தடவுவது முடியின் புரதம் நீரில் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. பாட்டி செய்தது வீணன்று. ஆயினும், எண்ணெய் தண்டைக் காக்கும், வழுக்கையில் முடியை முளைப்பிக்காது. ஈர முடியை இழுத்து வாராதீர்கள். பெண் குழந்தைகளுக்குச் சடையை இறுக்கிப் பின்னிக் கனத்த சவுரியும் வைத்தால், நெற்றியோரத்து முடி நாளடைவில் நிலையாகவே போய்விடும். வட்டமாகவோ, தழும்போடோ, அரிப்போடோ உதிர்ந்தாலும், ஆறு திங்களுக்கு மேலும் கொட்டுதல் நில்லாவிடினும் மருத்துவரிடம் செல்லுங்கள். தழும்பு விழுந்த மயிர்க்கால் மீள்வதில்லை. அங்கே காலந்தாழ்த்தல் பேரிழப்பு.

நீரா, வேரா என்று கேட்டோம். முடியின் அழகைக் கெடுப்பதில் நீருக்குப் பங்குண்டு. முடி உதிர்வதன் காரணம் பெரும்பாலும் வேரில் உள்ளது. வேருக்கும் அப்பால், நாம் உண்பதிலும் உறங்குவதிலும், பெற்றோர் வழி வந்த உடலிலும் உள்ளது. காரணம் அறிந்தவன் வீண் செலவினின்றும் தப்புவான். அதனினும் மேலாக, வீண் அச்சத்தினின்றும் தப்புவான்.

அல்சூர் ஏரிக்கரையில் அமர்ந்திருக்கும் வள்ளுவர் இன்னொரு குறளில், உலகம் பழிப்பதை ஒழித்துவிட்டால் தலையை மழிப்பதும் வேண்டா, சடையை வளர்ப்பதும் வேண்டா என்னும் கருத்தைக் கூறினார். துறவியர்க்குச் சொன்னது அது. ஆயினும், கண்ணாடி முன் நின்று கலங்கும் இளைஞர்க்கும் அதில் ஓர் ஆறுதல் உண்டு. முடி இருப்பின் பேணுவோம். போயின், அதனோடு மதிப்பும் போயிற்று என்று எண்ணாதிருப்போம்.